செல்ஃப் எடுக்காத ஜனவரி

ஜனவரி 9, வெள்ளி

அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எட்டு மாதமாக ஒரே முற்றத்தில் இருந்தும் நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது நீங்கள் ஆறு மணி நேரத் தொலைவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், நான் எழுதுகிறேன்.

டெலிபோன் கம்பி புதன் இரவு பனியின் கனம் தாங்காமல் அறுந்து கிடக்கிறது. சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகுமாம். பால் லாரி டிரைவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறார். அவருடைய டிப்போ உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில்தானாம். கடிதத்தை வார்டு வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நீங்களும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

அண்ணன் கால் எப்படி இருக்கிறது? புதன்கிழமை காலை ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியபோது பார்த்த முகம்தான் எனக்கு. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

மாடுகள் இருபத்தெட்டும் நன்றாக இருக்கின்றன. டிராக்டர் அன்று நின்ற இடத்திலேயே, கொட்டகைச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கிறது. தீவனக் குழியிலிருந்து தொழுவத்துக்கு முந்நூறு அடி தூரம் கைவண்டியில் தள்ளுகிறேன். காலையில் ஒன்பது நடை, மாலையில் ஒன்பது நடை. எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. நேற்று சாவியைத் திருகிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் செய்ததுபோலச் செய்ய எனக்குத் தைரியமில்லை.

எப்படி நடந்தது என்று அண்ணன் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

பாப்பா


ஜனவரி 10, சனி

பாப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது.

இடது கால். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் நொறுங்கியிருக்கின்றன. எலும்பைவிடப் பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்பதுதான் இவர்களுக்குக் கவலை. டாக்டர் மணிக்கொரு தரம் கால்விரலை அழுத்திப் பார்க்கிறார். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்க வேண்டுமாம். இரண்டு விரலில் சிவப்பு மெதுவாகத்தான் வருகிறது. டாக்டர் போன பிறகு நானும் அழுத்திப் பார்க்கிறேன்.

அவர் காலைப் பற்றிக் கேட்பதே இல்லை. கண் விழித்தால் வண்டிதான். “எழுதிக்கோ, எழுதிக்கோ” என்று என் உயிரை வாங்குகிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை, பேசுவது டீசல் பில்டரைப் பற்றி.

அவர் சொன்னது: மெக்கானிக்கை வரவழைத்துச் சாவி ஸ்விட்சை மாற்று. கிளட்சை மிதித்தால் மட்டுமே செல்ஃப் அடிக்கும்படி இன்னொரு ஸ்விட்ச் உண்டாம், அதுவும் செத்துக் கிடக்கிறது, அதையும் மாற்று. அதுவரை வண்டியைத் தொடாதே. ஸ்க்ரூடிரைவர் வேலை வேண்டவே வேண்டாம். பேட்டரியை மாலையிலேயே கழற்றி வீட்டுக்குள் கணப்புக்குப் பக்கத்தில் வை, காலையில் கடைசியாகக் கொண்டுபோய் மாட்டு. குளிர்ந்த பேட்டரியில் பாதி உயிர்தான் இருக்குமாம்.

அந்த ஸ்க்ரூடிரைவர் வேலை என்னவென்று எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது. சாவி வேலை செய்யாததால் மூன்று வாரமாக இவர் கீழே நின்று, பின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார். நியூட்ரலில் இருந்தால் ஒன்றுமில்லை. கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த நொடியே வண்டி கிளம்பிவிடும். ஆள் சக்கரத்தின் வழியில் நிற்கிறார்.

எப்படி நடந்தது என்று கேட்டாயே. டாக்டரிடம், “முந்தின நாள் நான்தான் கியர்ல விட்டுட்டேன், மறந்துட்டேன்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் அடுப்பை இரண்டு முறை பார்த்தால் மூன்றாவது முறை எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள் அவர். செவ்வாய் மாலை நான் தலைவலியோடு படுத்திருந்தேன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது அவர்தானே?

அண்ணி


ஜனவரி 13, செவ்வாய்

அண்ணிக்கு,

பால் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன், மெக்கானிக் ஞாயிறு மதியம் வந்தார். சாலையில் அவருடைய வண்டி இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டதாம். சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் இரண்டையும் மாற்றிவிட்டார். தளர்ந்துபோன ஹேண்ட் பிரேக் கேபிளையும் இறுக்கி எண்ணெய் விட்டார். வேலை முடியும்வரை வாய் திறக்கவில்லை. போகும்போது மட்டும், “இதை மாத்த அரை மணி நேரம்தாம்மா” என்றார். அண்ணனைக் குறை சொல்லத்தான் சொன்னாரா, இல்லை சும்மாவா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஆயில் பாகு மாதிரி இறுகிக் கிடக்கிறது. பில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன், டீசல் மெழுகாகத் திரண்டு வெள்ளையாக ஒட்டியிருந்தது. இதற்கு என்ன செய்வது என்று அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை இரண்டு முறை ஒட்டிவிட்டுப் பிரித்தேன்.

செவ்வாய் மாலை வண்டியை நிறுத்தியது நான். அண்ணன் பால் கறந்துகொண்டிருந்தார், கடைசி நடைத் தீவனத்தை நான் ஏற்றிக்கொண்டு வந்தேன். கொட்டகைத் தரை சரிவு. ஹேண்ட் பிரேக் இழுத்தால் சும்மா கையோடு வந்தது. அதனால் முதல் கியரில் போட்டு நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால் காலையில் அண்ணனிடம் சொல்லிவிடுவேன். புதன்கிழமை குளிரில் வண்டி எடுக்க நேரமாகும் என்று அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து போய்விட்டார். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

முந்தின மாலையே சொல்லியிருக்கலாம். அண்ணன் உங்கள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். சொல்ல வேண்டுமென்றால் உள்ளே வர வேண்டும். வர மாட்டேன் என்று மே மாதம் சொன்னேன் அல்லவா, அந்த வீம்பு. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடி ஏறிவிட்டேன்.

ஆறு நாளாக இதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணன் மறக்கவில்லை, அண்ணி.

பாப்பா


ஜனவரி 14, புதன்

அவர் சொன்னபடி:

பழைய பில்டரைத் தூக்கிப் போடு. புதியது கொட்டகை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. டேங்கில் இருப்பது கோடைக்கால டீசல், அதை முழுவதும் இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் குளிர்கால டீசல் வாங்கி ஊற்று. வெந்நீரை எஞ்சின்மேல் நேராக ஊற்றாதே, இரும்பு விரிசல் விட்டுவிடும். சாக்கை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து பில்டரையும் டீசல் பம்பையும் சுற்றிக் கட்டு. ஹீட்டர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தி, பிறகு சாவியைத் திருகு. பத்து எண்ணுவதற்கு மேல் செல்ஃப் அடிக்காதே. அடித்தால் இரண்டு நிமிடம் விட்டு அடுத்தது. தீ வைத்த துணி, ஸ்ப்ரே எதுவும் எஞ்சின் பக்கம் போகக் கூடாது.

உன் கடிதம் கிடைத்தது.


ஜனவரி 17, சனி

அண்ணிக்கு,

நீங்கள் என் பெயரும் எழுதவில்லை, உங்கள் பெயரும் எழுதவில்லை. எதிர்பார்த்ததுதான்.

சொன்னபடி எல்லாம் செய்தேன். நேற்று எஞ்சின் மூன்று நொடி பிடித்தது. வெள்ளைப் புகையைக் கக்கி, உடம்பெல்லாம் உதறி, நின்றுவிட்டது. அந்த மூன்று நொடியில் நான் சீட்டில் உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன். பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. பத்து எண்ணச் சொன்னீர்கள், நான் இருபது எண்ணினேன். பேட்டரி இறங்கி, கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மெக்கானிக்கிடம் கொடுத்து ஏற்றி வாங்க வேண்டும்.

புதன்கிழமை முதல் விடாமல் பனி. நம் பாதை மூடிவிட்டது. லாரி மெயின் ரோடு முனைவரைதான் வருகிறது. பால் கேன்களைத் தகரப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். நான்குதான் போய்ச் சேர்ந்தன. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன். செவலை மாடு நேற்று மாலை தீவனத்தைத் தொடவே இல்லை. தீவனம் உறைந்து கட்டியாக இருக்கிறது, கோடரியால் உடைத்துத்தான் அள்ளுகிறேன். கையெழுத்தைக் கோழி கிளறியது என்பீர்கள், இன்று விரல் மடங்கவே இல்லை.

லாரிக்காரர் முனையில் ஒரு காலி கேனை வைத்திருக்கிறார், கடிதத்தை அதற்குள் போடுவாராம். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்ததும் அடிவரை கை விட்டுத் துழாவுகிறேன்.

திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு விரல் சிவந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.

பாப்பா


ஜனவரி 20, செவ்வாய்

பாப்பாவுக்கு,

அவர் காலை எடுத்துவிட்டார்கள். ஞாயிறு காலை. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. சனிக்கிழமையே பாதம் கருத்துவிட்டது. இன்னும் விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டது நான்தான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், “போடு” என்றார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உன் கடிதத்தைப் படித்த அன்று நீ எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. ஒரு கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் போதுமே என்று வார்டு நடையில் நடந்துகொண்டே இருந்தேன். நர்ஸ் இரண்டு முறை வந்து உட்காரச் சொன்னாள்.

நடந்து நடந்து கடைசியில் மே மாதத்தில் போய் முட்டிக்கொண்டேன். நீ புருஷன் வீட்டை விட்டுப் பெட்டியோடு வந்து அப்போது நான்காவது வருடம். “இந்த அடுப்படியில ரெண்டு பொம்பளைக்கு இடமில்லை” என்று சொன்னது நான். நீ வீம்பு பிடித்தாய். கதவைச் சாத்தியது யார் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? இதை எழுதுவதால் உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டும் இருக்கிறது.

இன்னொன்று. அவர் சொல்லாதே என்றார், சொல்கிறேன். உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. மயக்கம் தெளிகிற நேரத்தில் அவராகவே உளறினார்: “பாப்பாவுக்குத் தெரிய வேணாம். கியர்ல இருந்துச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதே.” மறுநாள் நிதானம் வந்ததும் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “பிரேக் லூசா கெடந்துச்சு. அப்பவே தெரிஞ்சிருக்கணும், அவ கியர்ல போட்டுத்தான் நிறுத்தியிருப்பான்னு. ஏறிப் பாக்க சோம்பல் பட்டேன். குளிர்ல கையை ஜேப்பிலிருந்து எடுக்கவே மனசு வரல.”

அவ்வளவுதான். மறுபடி வண்டிப் பேச்சுக்குப் போய்விட்டார். மூன்று நொடி பிடித்து நின்றது என்றதும் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார். பில்டர் மாற்றியபோது குழாயில் காற்று புகுந்துவிட்டதாம், ஏர் எடுக்க வேண்டுமாம். பில்டர் தலையில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்து. பம்பின் பக்கத்தில் கைப்பம்பு லீவர் இருக்கிறது, அதை அடித்துக்கொண்டே இரு. முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்வரை அடித்துவிட்டு ஸ்க்ரூவை இறுக்கு. “அவசரப்பட வேண்டாம்னு எழுது” என்றார். அதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக அழுதார்.

வியாழக்கிழமை குளிர் இன்னும் கூடும் என்று வார்டு ரேடியோவில் சொன்னார்கள். கையுறை போட்டுக்கொள். என்னுடையது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, எடுத்துக்கொள்.

அண்ணி


ஜனவரி 23, வெள்ளி

அண்ணிக்கு,

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை முனையிலேயே நின்று படித்தேன். காலைப் பற்றிய வரிக்குப் பிறகு வெகுநேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பால் கேன் பக்கத்தில் பனியில் உட்கார்ந்துவிட்டேன். கேன்களை லாரிக்காரரே ஏற்றிக்கொண்டு, ஏற்றி வாங்கிய பேட்டரியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று தெரிந்ததும் ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது. ஒரு காலைக் கொடுத்துவிட்டு எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருக்கிறாரே. முப்பத்திரண்டு வயதிலும் என்னை எல்லாரும் பாப்பாவாகவே வைத்திருக்கிறீர்கள்.

நேற்று காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துமூன்று. வெந்நீர்ச் சாக்கைக் கட்டிவிட்டு ஏர் எடுத்தேன். லீவரை நூற்றுநாற்பது தடவை அடித்தேன், எண்ணினேன். நுரை, நுரை, மறுபடி நுரை. பிறகு கண்ணாடி மாதிரி டீசல் வழிந்தது. இறுக்கினேன். உடனே ஏறவில்லை. அவசரப்பட வேண்டாம் என்ற வரியை நினைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய் செவலைக்கு வெந்நீர் காட்டிவிட்டு வந்தேன். பேட்டரியை மாட்டினேன். சக்கரம் நான்கையும் சுற்றி வந்து பார்த்தேன், யாருமில்லை என்று தெரிந்தும். ஏறி உட்கார்ந்தேன். பிரேக், நியூட்ரல், கிளட்ச். முப்பது எண்ணினேன். சாவியைத் திருகினேன்.

முதல் தடவை முனகியது. இரண்டாவது தடவை ஒரு சிலிண்டர் மட்டும் இருமியது. மூன்றாவதில் எட்டு எண்ணும்போது பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. கை திராட்டில் பிடியைவிட்டு வரவில்லை. புகை மெல்ல மெல்ல நீலமாகி, பிறகு நின்றது. சத்தம் சீரானது.

அணைக்கப் பயம், அண்ணி. அணைத்தால் மறுபடி எடுக்காதோ என்று. நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டே இருந்தேன். பாதைப் பனியை முனைவரை தள்ளினேன், தீவனம் இரண்டு நாளைக்குச் சேர்த்துக் கொண்டுவந்தேன். பிறகு எஞ்சினை அணைக்காமலே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்று காலையும் எடுத்தது. கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருகிப் பார்த்தேன், அசையவே இல்லை. இனி யாரும் அப்படிக் கீழே நின்று எடுக்க வேண்டியதில்லை.

இனிமேல் வீடு வரை லாரி வரும். அண்ணனிடம் எட்டு எண்ணும்போது பிடித்தது என்று சொல்லுங்கள்.

பாப்பா


பிப்ரவரி 1, ஞாயிறு

பாப்பாவுக்கு,

ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரி வேனில் வருகிறோம். மதியம் ஆகிவிடும். மாடிப்படி முடியாது, முன் அறையில் கட்டிலைப் போடு. ஊன்றுகோல் நுழையும்படி நாற்காலிகளை ஒதுக்கு.

எட்டு என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நர்ஸிடம்கூடச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் இன்று ஒன்று நடந்தது. இங்கே மாதத்தின் முதல் ஞாயிறு பின்புறம் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் வந்த பிறகு இதுதான் முதல்முறை. இன்று நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அது உறுமிப் பிடித்த உடனே கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்து, இல்லாத காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. ஓடுகிற சத்தம் ஒன்றும் செய்யவில்லை, அந்த முதல் உறுமல்தான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை நாங்கள் வரும்போது வண்டி சத்தம் இருக்கக் கூடாது. அவர் உள்ளே வந்து பழகட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணி


பிப்ரவரி 2, திங்கள்

அண்ணிக்கு,

கட்டில் போட்டுவிட்டேன். ஊன்றுகோலின் அகலம் தெரியாததால் இரண்டு துடைப்பக் குச்சியை வைத்து நானே நடந்து பார்த்தேன். கதவு நிலையில் திரைச்சீலை சிக்குகிறது, கழற்றிவிட்டேன்.

வண்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வியாழக்கிழமை மாலையே பாதைப் பனியைத் தள்ளிவிட்டு, தீவனத்தையும் ஏற்றி இறக்கிவிட்டு, தொழுவத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். பார்வையிலும் படாது. வெள்ளியும் சனியும் கைவண்டியில் தள்ளிக்கொள்கிறேன். இரண்டு நாள் இந்தக் குளிரில் நின்றால் பிறகு எடுக்குமா என்று தெரியாது. அது என் பாடு.

தினமும் காலையில் இதே கேள்வி இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குப் பயம். இருபத்தெட்டு மாடுகளுக்கும் தீவனம் வேண்டும், வண்டியை எத்தனை நாள் ஒளித்து வைக்க முடியும்? இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

பாப்பா


பிப்ரவரி 3, செவ்வாய்

பாப்பாவுக்கு,

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியதை அவர் படித்துவிட்டார். தலையணைக்கடியில் வைத்திருந்தேன், எடுத்துப் படித்திருக்கிறார். உன் முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது தேதி வாரியாக அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போனாய் என்ற கடிதம் கையில் இருந்தது. சாப்பாடு வந்தது, வேண்டாம் என்றார்.

சாயங்காலம்தான் பேசினார். “வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டு, நாளைக்குச் சத்தம் வருமா, நாளன்னைக்கு வருமான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடக்க என்னால முடியாது. வேன்லேர்ந்து இறங்கின உடனே கேட்டுடறேன். வண்டியை வீட்டு முன்னாடியே நிறுத்தச் சொல்லு. அவளையே எடுக்கச் சொல்லு.” நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். டாக்டரையும் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இது சரியென்று படவில்லை. அவர் நடுங்குவதை நீ பார்க்க வேண்டியிருக்கும். நீ நடுங்குவதை அவர் பார்ப்பார். ஆனால் இந்த நான்கு வாரத்தில் அவர் வாயைத் திறந்து தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான்.

அதனால் இப்படிச் செய். வெள்ளிக்கிழமை காலையில் தீவன வேலையை முடித்துவிட்டு, வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, சமதரையில், மூக்கு எங்களை விட்டு அந்தப் பக்கம் பார்க்கும்படி நிறுத்து. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வை. வேன் முனையில் திரும்பும்போது கொண்டுபோய் மாட்டு. நாங்கள் இறங்கி நின்ற பிறகு ஏறு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அது என் வேலை. அவர் சத்தம் போட்டாலும், உட்கார்ந்துவிட்டாலும், நீ எங்கள் பக்கம் திரும்பாதே. நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்.

அண்ணி